ரிப்பேர் கடை என்றால் இளப்பமா?

"டிப்ளமோ படிச்சிட்டு ரிப்பேர் கடையா வைக்கப் போறே?" எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி விழும். வைத்தால் என்ன என்பதே என் கட்சி.

அமெரிக்காவில் ஏர்ல் பேக்கன் என்று ஒருவர், 1924-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் ரேடார் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார். போர் முடிந்ததும் மின் பொறியியல் படித்தார். 1949-ல் உறவினர் ஒருவருடன் சேர்ந்து, மினியாபோலிஸ் நகரில் ஒரு கார் ஷெட்டில் ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் செய்யும் கடை போட்டார். முதல் மாத வருமானம் எட்டே டாலர்!

இதயம் துடிக்க உதவும் பேஸ்மேக்கர் அப்போது பிளக்கில் சொருகித்தான் ஓடும். 1957 அக்டோபர் 31-ல் ஊரில் கரண்ட் போய்விட்டது. இதற்கொரு வழி பண்ணுங்கள் என்று டாக்டர் லில்லிஹை கேட்டது பேக்கனைத்தான். பத்திரிகையில் வந்த ஒரு மெட்ரோனோம் சர்க்யூட்டை வைத்து, சுமார் நாலு வாரத்தில் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியைச் செய்துவிட்டார். அந்தக் கடைதான் பிறகு மெட்ரானிக் என்ற பெரிய கம்பெனியானது. 2018-ல், 94 வயதில் காலமானார்.

நண்பர்களே, கரண்ட் போவது நமக்குப் புதுசா? ரிப்பேருக்குப் போகிறவனுக்குத்தான் குறை எங்கே என்று தெரியும். வேடசந்தூர் பக்கம் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் கேளுங்கள், அது ஏன் திரும்பத் திரும்ப எரியுதுன்னு சொல்வார்.

எட்டு டாலர் வருமானத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதுதான். அதனால் வேலைக்கு மனுப் போடுவோம். ஆனால் ஸ்குரூ டிரைவர் பிடித்த கையை இளப்பமாக மட்டும் பார்க்க வேண்டாம்!