கரியடுப்பு கனவான்களுக்கு ஒரு கும்பிடு

டிஸ்கி: சைவப் பதிவர்கள் பாதியில ஓடிடாதீங்க. கத்தரிக்காயும் வருது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருத்தர் வீட்டுல விருந்து. நாங்க இருக்கிறது டாலஸ் பக்கம். "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க, பின்பக்கம் கிரில் போடுறோம்"னு கூப்பிட்டிருந்தாரு. நானு, தங்கமணி, ரெண்டு வாண்டுங்க, ஊர்லேருந்து ஆறு மாச விசாவுல வந்திருக்கிற அம்மா, எல்லாரும் ஆறு மணிக்கே ஆஜர்.

நண்பர் தீவிர கரியடுப்புக் கட்சி. ஆறரைக்குக் கரியைக் கொட்டினாரு. அன்னைக்குன்னு பேய்க் காத்து. விசிறினாரு, ஊதினாரு, பேப்பரைச் சுருட்டி வெச்சாரு. கரி சாம்பல் பூக்க ஏழரை ஆச்சு. முதல் ஈடு கோழி வெளியில கருகல், உள்ள ரத்தம். ரெண்டாவது ஈடுக்குள்ள சூடு இறங்கிடுச்சு, மறுபடி கரி. பெருசுங்க சாப்பிட்டப்போ மணி ஒன்பதே கால். வாண்டுங்க மேகி தின்னுட்டு சோபாவுலயே தூங்கிடுச்சுங்க.

நடுவுல நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "நாங்க ஒரு கேஸ் கிரில் வாங்கலாம்னு இருக்கோம்"னு சொல்லித் தொலைச்சேன். நண்பர் இடுக்கியை ஆட்டிக்கிட்டே சொன்னாரு: "கேஸா? அதுக்கு வீட்டுக்குள்ள அடுப்புலயே சமைச்சுக்கலாமே!" கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. அங்க பதில் சொல்ல வாய் வரலை. அதான் பதிவாப் போடுறேன்.

வாதம் ஒண்ணு: "கேஸ்ல அந்தப் புகை வாசம் வராது."

இதுல பாதி உண்மை. லாக்ஹார்ட் பக்கம் ஓக் விறகுல பத்து மணி நேரத்துக்கு மேல வேக வெக்கிற பிரிஸ்கெட் இருக்கே, அதுக்குப் புகைதான் உயிர். அதை கேஸ்ல அப்படியே கொண்டுவரலாம்னு சொல்றவன் பொய் சொல்றான். ஆனா நாம சுடுறது பிரிஸ்கெட்டா? தயிர், மிளகாத்தூள், இஞ்சி பூண்டு தடவின கோழித்தொடை. இருபத்தஞ்சு நிமிஷ வேலை. கரி நல்லா சாம்பல் பூத்துட்டா அதுல புகையே கம்மி. நம்ம நாக்குக்குத் தெரியிற அந்த 'சுட்ட வாசம்' பெரும்பாலும் எங்கேருந்து வருது? கறியோட கொழுப்பும் சாறும் கீழ இருக்கிற சூட்டு மேல சொட்டி, ஆவியாகி, திரும்ப கறி மேலயே படியுதே, அதுலேருந்து. கேஸ் கிரில்லுல பர்னருக்கு மேல கூரை மாதிரி வளைச்ச தகடு இருக்கு பாருங்க, அது இருக்கிறதே இந்த சொட்டை வாங்கி ஆவியாக்கத்தான். ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னு சொல்லலை. மேல ஒரு பிடி கொத்தமல்லியும் எலுமிச்சையும் விழுந்தப்புறம் எத்தனை பேர் கண்டுபிடிப்பீங்கன்னுதான் கேக்குறேன்.

வாதம் ரெண்டு: "கரிதான் பாரம்பரியம்."

யாரோட பாரம்பரியம் சாமி? அமெரிக்காவுல மூட்டை மூட்டையா விக்கிற அந்தத் தலகாணி வடிவக் கரிக்கட்டி 1920கள்ல மிச்சிகன்ல ஹென்றி ஃபோர்டு தயாரிச்சு வித்தது. காருக்கு மரம் அறுத்த மில்லுல மிஞ்சின துண்டையும் தூளையும் வீணாக்க மனசில்லாம, கரியாக்கி அமுக்கி வித்தாரு. அதுதான் பின்னாடி கிங்ஸ்ஃபோர்டுன்னு ஆச்சு. நண்பர் வீட்டுல இருக்கிற உருண்டை வெபர் அடுப்பு? 1952ல சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன்னு ஒருத்தர், கடல்ல மிதக்கவிடுற மிதவைக்குச் செஞ்ச இரும்பு உருண்டையை வெச்சு உண்டாக்கினது. கேஸ் கிரில் 1960கள்லயே வந்துடுச்சு. ஆக பாரம்பரியத்துக்கும் நவீனத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி பத்துப் பதினைஞ்சு வருஷம். இதுக்கா இத்தனை அலட்டல்?

வாதம் மூணு: "கேஸ் ஆபத்து."

இதுல நியாயம் இருக்கு. மழுப்ப விரும்பலை. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. கணக்குப்படி 2014 முதல் 2018 வரைக்கும் வருஷத்துக்கு சராசரியா 10,600 வீட்டுத் தீ விபத்துல கிரில் சம்பந்தப்பட்டிருக்கு. அதுல 8,900 கேஸ் கிரில். கேஸ் கிரில் வெச்சிருக்கிற வீடும் அதிகம்கிறதை சேர்த்துப் பாக்கணும். ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க வேணாம், காரணத்தைப் பாப்போம். கழுவாத எண்ணெய்த் தட்டு, கசியிற குழாய். ரெண்டும் நம்ம கையில இருக்கு. சோப்புத் தண்ணியைக் குழாய் இணைப்புல தடவி வால்வைத் திறங்க. குமிழி வந்தா கசிவு. புரோப்பேன் காத்தை விட கனம், கீழ தேங்கும். அதனால மூடியைத் திறந்து வெச்சுட்டுத்தான் பத்த வைக்கணும். சிலிண்டர் வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ கூடாது. மழை பெய்யுதுன்னு கரியடுப்பை கராஜுக்குள்ள இழுக்கிற வீரர்களுக்கும் ஒரு வார்த்தை: அணையப்போற கரி கூட கார்பன் மோனாக்சைடு கக்கும். அதுக்கு வாசனை கிடையாது.

சரி, எதிர்க்கட்சி முடிஞ்சுது. இப்ப எங்க வீட்டுக் கதை.

எங்களுக்கு வெளியில சமைக்க அடுப்பு வேணும்னு தோணினதே கோழியால இல்லை, மீனால. டவுன்ஹவுஸ்ல மீன் வறுத்தா மூணு நாளைக்கு ஜாக்கெட்டு, தலகாணி, பாப்பாவோட ஸ்கூல் பை எல்லாத்துலயும் மீன். புகை அலாரம் வேற ஊரைக் கூட்டும். அம்மா வந்த ரெண்டாவது வாரம் வஞ்சிரம் வறுத்தாங்க. அலாரம் அலறினதுல பயந்துபோய் அதுக்கப்புறம் மீன்னாலே "வேணாம்டா, உனக்கு எதுக்கு வம்பு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. மீன்குழம்பு வெச்சே வளர்த்த அம்மா, மகன் வீட்டுல மீன் வாங்கப் பயப்படுறது என்ன கொடுமை சரவணன்!

கேஸ் கிரில்லுல இரும்பு தோசைக்கல்லைத் தூக்கி வெச்சா, பத்து நிமிஷத்துல சூடு. மூடியைத் திறந்தே வெச்சு மீனை வறுத்துட்டு உள்ள வரலாம். வாசனை அப்படியே ஓக்லஹோமா பக்கம் போயிடும். கத்தரிக்காயை முழுசா சுட்டு துவையல் அரைக்கலாம். புதன்கிழமை ஆணி புடுங்கிட்டு ஆறரைக்கு வந்தாலும் ஏழேகாலுக்குத் தட்டுல சாப்பாடு. கேள்வியே அதுதான். சனிக்கிழமை சாகசத்துக்கா, புதன்கிழமை சோத்துக்கா? புதன்கிழமைக்குன்னா கரி சரிப்படாது.

கணக்கும் பாத்துட்டேன். வழக்கமான சிலிண்டர் 20 பவுண்டு. மாத்திக் குடுக்கிற கடைகள் பலதுல 15 பவுண்டுதான் நிரப்புறாங்க, லேபிளைப் படிங்க. ஒரு பவுண்டு புரோப்பேன்ல சுமார் 21,500 பி.டி.யூ. மூணு பர்னர் கிரில் மணிக்கு 30,000 எடுக்குதுன்னா, 15 பவுண்டு முழுத் தீயில பத்தரை மணி நேரத்துக்கு மேல வரும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்னு வெச்சா பதினாலு சாப்பாடு. தணிச்சு எரிச்சா இன்னும் கூட. கடையில ஆறு பர்னர், அறுபதாயிரம் பி.டி.யூ.ன்னு மயக்குவாங்க. நாலு பேர் வீட்டுக்கு அது தேரிழுக்கிற கதை. பெரிய நம்பர்னா பெரிய இரும்புப் பெட்டி, அம்புட்டுதான். மூடி கனமா, இடுக்கில்லாம மூடுதான்னு பாருங்க.

எல்லாரும் கேஸ் வாங்குங்கன்னு நான் சொல்லலை. அபார்ட்மெண்ட் பால்கனிக்காரங்க வாங்கவே வாங்காதீங்க. பல ஊர்த் தீயணைப்பு விதிப்படி மர பால்கனியில கரிக்கும் தடை, பெரிய சிலிண்டருக்கும் தடை. குடியிருப்பு விதியைப் படிச்சுட்டு, அனுமதிச்சா மின்சார கிரில். வருஷத்துக்கு நாலு தடவைதான் சுடுவீங்கன்னா கரியே சிக்கனம். பிரிஸ்கெட் பைத்தியம்னா விறகுதான், ஆசீர்வாதம்.

கடைசியா, என்னை இந்தப் பதிவு எழுத வெச்ச விஷயம். அன்னைக்கு நண்பர் இடுக்கியோட நின்னு கைதட்டு வாங்கினாரே, காலையில கோழி கழுவி, மசாலா அரைச்சு, ஊற வெச்சு, சோறாக்கி, தயிர்ப் பச்சடி கலக்கி, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கரி படிஞ்ச கம்பியைத் தேய்ச்சது யாரு? அவர் வீட்டம்மா. நாங்க பாட்டிலோட வெளிய நின்னு 'புகை வாசம்' பத்தி தத்துவம் பேசினோம். அதுல நானும் உண்டு, ஒத்துக்கிறேன்.

அம்மா அதுவரைக்கும் ஓரமா நாற்காலியில உக்காந்திருந்தாங்க. காத்து திரும்பி புகை அவங்க பக்கம் அடிச்சுது. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு இருமினாங்க. உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்துல இருபது வருஷத்துக்கு மேல சுள்ளியும் வரட்டியும் வெச்சு ஊதுகுழல்ல ஊதின நுரையீரல் அது. 1994ல எங்க வீட்டுக்கு கேஸ் வந்த அன்னைக்கு, அடுப்புக்குப் பொட்டு வெச்சாங்க. வீட்டுக்குள்ள விறகு, கரி எரிக்கிற புகையால 2020ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தோட்டத்துல மாசத்துக்கு ஒரு நாள் போடுற கரி அதுக்குச் சமம் இல்லைதான். ஆனா புகையை ரசிக்கிறது, அதைத் தினம் தின்னாதவங்களுக்கு மட்டும் வாய்ச்ச சொகுசு.

நண்பர் அப்பவும் விடாம, "என்னம்மா, ஊர் விறகடுப்பு வாசம் ஞாபகம் வருதா?"ன்னு கேட்டாரு.

அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "வருது தம்பி. அதுலேருந்து தப்பிக்கத்தானே நாங்க கேஸு வாங்கினோம்."

மறுநாளே மூணு பர்னர் கிரில் ஒண்ணு வீட்டுக்கு வந்துடுச்சு. முதல்ல ஏறினது வஞ்சிரம். தேய்ச்சது நான்.

பி.கு: கரிக்கட்சி பின்னூட்டத்துல வந்து கும்மலாம். கம்பி தேய்ச்ச அனுபவம் இருக்கிறவங்களுக்கு முன்னுரிமை.