மூச்சு வாங்கிய மோட்டார்

வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு வெகு நேரம் இருக்கும்போதே குடும்ப சகிதமாக நமது மோட்டாரில் புறப்பட்டுவிட்டோம். வண்டிக்கு வயது இருபத்திரண்டு. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்க வேண்டாம். வயதானவர்களின் வியாதியைப் பற்றிப் பேசும்போது பெயரைச் சொல்வது மரியாதையல்ல.

பள்ளிகொண்டாவுக்கு அப்பால் காப்பி சாப்பிட்டுவிட்டு, பக்கத்துச் சாலையிலிருந்து 48-ம் எண் நெடுஞ்சாலையில் ஏறினோம். ஏறுகிற சமயம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி பாய வேண்டும், அதுதானே முறை? நம் வண்டி பாயவில்லை. முதல் முதலாக மேடை ஏறிய பிரசங்கியைப்போல் திணறி, இரண்டு விநாடி யோசித்து, பிறகு உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு ஓடிற்று. அந்த இரண்டு விநாடிக்குள் பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்துவிட்டது. முதலில் ஹாரன், பிறகு பிரேக்கின் அலறல், கடைசியில் தோலின் வாசனை. பின் ஸீட்டில் நம் தாயாரின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லாரிக்காரர் முன்னால் போய் நிறுத்தி இறங்கி வந்தார். திட்டத்தான் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டோம். அவரோ, "வண்டி பிக்கப் இல்லையா ஸார்? ஆம்பூரிலே எங்கள் தோல் ஷாப்புக்குப் பக்கத்தில் ஒரு பாய் இருக்கிறார். ஓரமாகவே போய்ச் சேருங்கள்" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வியாதி புதிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மாதமாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் வைத்தியம் நடந்தது. முதலில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த முறை இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாம் முறை ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, "பெட்ரோல் குறைவு" என்று குறிப்பு வருகிறது என்றார்கள். அந்தச் செய்தியை அனுப்புவது புகைக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் ஸென்ஸர். ஆகவே அதையே மாற்றிவிட்டார்கள்! தூது வந்த அனுமாரின் வாலில் தீ வைத்த கதைதான். 9,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. ஒவ்வொரு தடவையும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றபடி உறுமும்போது சிங்கமாகத்தான் இருந்தது.

ஆம்பூர்ப் பாய்க்கு எழுபது வயதிருக்கும். தகப்பனார் தோல் ஷாப்பில் தோல் தரம் பிரித்தவராம். இவர் மட்டும் சிறு வயதிலேயே மோட்டார்ப் பக்கம் வந்துவிட்டார். நாம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து எங்கள் ஊர்ச் சரக்குத்தான் ஸார்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கையல்ல. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். பழைய கார்ப்புரேட்டர்கள் பலவற்றில் இந்தக் குறையை நிரப்ப ஒரு சின்னப் பம்பு உண்டு. மிதித்தவுடன் அது ஒரு பீச்சு பெட்ரோல் பீச்சும். பம்பின் தலையில் இருந்தது ஒரு சிறு தோல் கிண்ணம். தோல் காய்ந்து சுருங்கினால் பீச்சு குறையும், வண்டி தயங்கும். கிண்ணத்தை எண்ணெயில் ஊறவைப்பார்கள், அல்லது புதிதாக வெட்டிப் போடுவார்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தப் பம்பு இல்லை. உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்குத் தக்க பெட்ரோலை ஒரு கம்ப்யூட்டர் கணக்கிட்டு விடுகிறது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967-லேயே இப்படி மின்சார மூளை வைத்த இன்ஜெக்‌ஷனை வோக்ஸ்வாகன் காருக்குக் கொடுத்தது. நம் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் வெளிவந்த ஸான்ட்ரோ இந்த ஏற்பாட்டுடனேயே வந்தது. 1999-ல் தில்லியில் விற்கும் புதுக் கார்களின் புகைக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரம்பு கட்டியதும் மற்றக் கம்பெனிகளும் அவசரம் அவசரமாக மாறின. இதே கோர்ட்டுத்தான், தோல் ஷாப்புக் கழிவினால் பாலாறு கெட்டது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வழக்கிலும் எம். ஸி. மேத்தா என்ற வழக்கறிஞரின் உழைப்பு இருக்கிறது. ஆற்று நீருக்கும் மோட்டார்ப் புகைக்கும் அப்படியொரு உறவு!

பாய் எந்த ஸ்பானரையும் எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். காலையில் தயங்குகிறதா, சூடான பிறகா? நின்றபடி முடுக்கினாலா, கியரில் ஓடும்போதா? மூன்று மாதத்தில் யாரும் நம்மை இதைக் கேட்டதில்லை. "கியரில் ஓடும்போது, முதல் மிதியில் மட்டும்" என்றோம்.

பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினார். முள் 3 பார் அருகே நின்றது. திடீரென்று முடுக்கியபோதும் விழவில்லை. "பம்பும் பில்டரும் நிரபராதிகள்" என்றார். பிறகு, "நிற்கும்போது வராத நோயை நிற்கவைத்தே தேடினால் எப்படிக் கிடைக்கும்?" என்று சொல்லி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மகனை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சைச் சற்றுத் தளர்த்தச் சொன்னார். தாம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தார். (இதை வீட்டு வாசலில் யாரும் பரீக்ஷை செய்ய வேண்டாம்.) எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது, காற்றை அளக்கும் கருவிக்கும் எஞ்சினுக்கும் நடுவேயுள்ள ரப்பர்த் துருத்தியும் சேர்ந்து நீண்டது.

அதைக் கழற்றி, தோலின் மேல்பரப்பு வெடிக்கிறதா என்று மடித்துப் பார்ப்பார்களே, அப்படியே விரல்மேல் மடித்தார். அடிப்புற மடிப்பில் பாதி வட்டத்துக்கு ஒரு பிளவு! எஞ்சின் ஆடாதபோது மூடிக்கொள்ளும். வண்டி இழுக்கும்போது திறந்துகொள்ளும். அந்த வழியே நுழைந்த காற்று கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறிய காற்றுக்கு மட்டும் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளந்தது. ஆக்ஸிஜன் ஸென்ஸர் பாவம், நடந்ததைத்தான் சொல்லிற்று.

"எதனாலத்தை* கலந்த புதுப் பெட்ரோலால்தான் இப்படி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களே?" என்று நம் வீட்டு அம்மாள் கேட்டாள். கேள்வி நியாயமானதே. 2025-க்குள் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எதனால் சேர்ந்துவிட்டது. சில பழைய வண்டிகளில் ரப்பர்ப் பாகங்களை மாற்ற நேரிடலாம் என்று மத்திய பெட்ரோலிய மந்திரிசபை இலாகாவே அந்த வருஷம் சொல்லிற்று. பெட்ரோல் ஓடும் குழாய்களைப் பழைய வண்டிக்காரர்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் இந்தத் துருத்தியில் ஓடுவது காற்று. "இதைக் கொன்றது வேலூர் வெயில் அம்மா" என்றார் பாய்.

இப்படித் தயங்கும் வண்டி வைத்திருக்கும் நேயர்கள், எப்போது தயங்குகிறது என்பதை ஒரு வாரம் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். "எதை மாற்றுவது?" என்று பேசத் தொடங்கும் ஒர்க்‌ஷாப்பில், "எதை அளந்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். வியாதி தீரும்வரை, வருகிற லாரிக்கு முன்னால் முந்திக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பிளவுக்கு டேப் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனோம். தாலி கட்டியாகிவிட்டது, இரண்டாம் பந்தியில் இடம் கிடைத்தது. மறுநாள் வேலூரில் புதுத் துருத்தி வாங்கினோம். விலை 650 ரூபாய். எஞ்சின் அவ்வளவு ஆடியதற்குக் காரணமான, தேய்ந்துபோன ரப்பர் மவுண்டிங்கையும் மாற்றியாயிற்று. நம் வீட்டுப் பரணில் இப்போது ஒரு குற்றமுமற்ற நான்கு பிளக்குகளும், உண்மையே பேசிய ஓர் ஆக்ஸிஜன் ஸென்ஸரும் இருக்கின்றன. அம்மாள் அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லுகிறாள். நமக்குத்தான் மனம் வரவில்லை.