வெறுங்கை தந்த சுற்றம்



“அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்” என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. பிள்ளையைப் பிரம்பால் திருத்துகிறவர்கள்தாம் இதை அதிகம் சொல்வார்கள். என் அனுபவம் நேர்மாறானது. அடிக்கவும் தடுக்கவும் கற்கப் போன இடத்தில் எனக்கு அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் கிடைத்தார்கள். கற்ற அடி ஒருநாளும் எனக்குத் தேவைப்படவில்லை. கிடைத்த உறவோ இன்றுவரை உதவிக்கொண்டிருக்கிறது.

நான் 1984-ல் இப்பள்ளியை விட்டுக் கல்லூரிக்குச் சென்றவள். அங்கேதான் கராத்தே கற்கத் தொடங்கினேன். இன்றும் வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறேன். பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வெள்ளைச் சீருடையும் கையுமாக நடக்கும் என்னைப் பார்த்து, “இந்த வயதில் யாரை அடிக்கப் போகிறீர்கள், அம்மா?” என்று தெருவில் கேட்கிறார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தக் கேள்விக்கு உரிய பதிலைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன். என் கருத்து இதுதான்: ஒரு கலையில் ஒருவரை ஆயுள் முழுவதும் நிறுத்தி வைப்பது உடல் வலிமை அன்று; உடன் பயில்வோரின் உறவு. ஆகவே பொதுத்தேர்வு வருகிறது, வயது வருகிறது, வரன் வருகிறது என்று காரணம் சொல்லி ஒரு பெண்ணைப் பயிற்சியிலிருந்து நிறுத்தும்போது, அவளுடைய பொழுதுபோக்கை மட்டும் நாம் பறிக்கவில்லை. அவளுடைய சுற்றத்தையே பறிக்கிறோம்.

கராத்தே என்றதும் பலருக்கு ஓட்டை உடைப்பதும் செங்கல்லைப் பிளப்பதும் திரைப்படச் சண்டையுமே நினைவுக்கு வருகின்றன. அக்கலை வளர்ந்த இடம் வேறு. ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒக்கினாவாத் தீவு அதன் தாயகம். அங்கே அதைப் பள்ளிக்கூடத்திற்குள் கொண்டுவந்தவர் அன்கோ இட்டோசு என்னும் பெரியவர். 1901-ல் ஷூரி நகரத் தொடக்கப் பள்ளியில் அது பாடமாயிற்று. 1908-ல் பத்து அறிவுரைகள் அடங்கிய கடிதம் ஒன்றை எழுதி, இக்கலை பள்ளிப் பிள்ளைகளின் உடலுக்கும் ஒழுக்கத்திற்கும் நல்லது என்று கல்வித்துறைக்கு எடுத்துரைத்தார். பிள்ளைகளுக்கென்றே ஐந்து பயிற்சி வரிசைகளையும் அமைத்தார். இத்தகைய வரிசையைக் ‘காட்டா’ என்பார்கள். எதிரியைக் கற்பனையில் நிறுத்திக்கொண்டு, முறை மாறாமல் செய்யும் அசைவுகளின் கோவை அது. இன்று அந்த ஐந்தையும் ‘ஹெயான்’ என்ற பெயரால் பலரும் அறிவர். அமைதி என்பது அதன் பொருள். சண்டைக் கலையின் முதற்பாடத்திற்கு அமைதி என்று பெயர்! நான் பயிலும் ஷோட்டோகான் முறையில் முதல் ஹெயானில் 21 அசைவுகள் உண்டு. பத்து வயதுச் சிறுமியும் நானும் ஒரே வரிசையில் நின்று அந்த 21 அசைவுகளையும் செய்கிறோம்.

இட்டோசுவிடமும் அசாட்டோ என்ற மற்றோர் ஆசானிடமும் பயின்றவர் கிச்சின் ஃபுனகோஷி. 1868-ல் பிறந்த இவர் சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை. உடல் தேறத்தான் கராத்தே கற்றார். தொழிலால் இவர் நம் ஆசிரியைகளைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பாடம் நடத்தியவர். 1922-ல் டோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தேயைக் காட்டச் சென்றார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தம் பயிற்சிக்கூடத்திற்கு அவரை அழைத்து, செய்து காட்டச் சொன்னார். ஊர் திரும்ப வேண்டியவர், கற்க விரும்பியவர்களுக்காகத் தலைநகரிலேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 53. கையில் காசில்லை. ஒக்கினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் காவல் வேலையும் தோட்ட வேலையும் பார்த்து, அறைகளைப் பெருக்கித் துடைத்து, அங்கேயே குடியிருந்து கற்பித்தார். மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசானே அவர்கள் நடக்கும் தரையைத் துடைத்தார். இன்று பல பயிற்சிக்கூடங்களில் பயிற்சிக்குப் பின் எல்லாருமாகத் தரையைத் துடைப்பதைக் காணும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும்.

அவருடைய மனைவியைப் பற்றியும் நம் மாணவியர் அறிய வேண்டும். ஓர் ஆசிரியரின் சிறு சம்பளத்தில் பெரிய குடும்பத்தைத் தாங்கிய அந்த அம்மையார் தாமும் காட்டாக்களைச் செய்து தேர்ந்திருந்தார் என்று ஃபுனகோஷி தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். கணவர் டோக்கியோவில் இருந்த நீண்ட காலம் முழுவதும் அம்மையார் முன்னோர் கடன்களை விட மனமின்றி ஒக்கினாவாவிலேயே இருந்தார்.

1930-களில் மாணவர்கள் ஒன்று சேர்ந்து தங்கள் ஆசானுக்கு ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். ‘ஷோட்டோ’ என்பது அவர் கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர்; பைன் மரங்களில் காற்று எழுப்பும் ஓசையைக் குறிப்பது. அப்பெயராலேயே கூடத்திற்கு ‘ஷோட்டோகான்’ என்று பெயரிட்டார்கள். 1945-ல் போர் விமானங்களின் குண்டுவீச்சில் அக்கூடம் அழிந்தது. அதே ஆண்டில், தமக்குப் பின் கலையை ஏந்துவான் என்று நம்பிய மகனையும் பறிகொடுத்தார். ஒக்கினாவாப் போரில் வீடிழந்து அகதியாக வந்த மனைவியோடு கியூஷூ தீவில் சில காலம் வாழ்ந்தார். 1947-ல் அம்மையாரும் இறந்தார். கூடமும் இல்லை, மகனும் இல்லை, துணைவியும் இல்லை. எண்பதை நெருங்கும் முதியவர், மனைவியின் சாம்பலோடு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார்.

வழியில் ரயில் நின்ற பல நிலையங்களில் அவருடைய பழைய மாணவர்கள் துக்கம் விசாரிக்கக் காத்து நின்றார்கள். ஜப்பானே போரில் தோற்றுப் பசியில் வாடிய காலம் அது. கூடத்தை நெருப்பு தின்றுவிட்டது. கூடத்தில் பிறந்த உறவை அதனால் தின்ன முடியவில்லை. 1949-ல் ஜப்பான் கராத்தே சங்கம் அமைந்தபோது அந்த முதியவரையே தலைமை இடத்தில் அமர்த்தினார்கள். 1957-ல் தாம் மறையும் வரை அவர் மாணவர்களால் சூழப்பட்டே இருந்தார்.

இதை நான் புத்தகத்தில் படித்து வியந்தவள் மட்டும் அல்லள். அதன் சிறு பங்கை நானும் பெற்றேன். இருபத்து நான்கு வயதில் எனக்குத் திருமணம் ஆயிற்று. “இனி அதெல்லாம் வேண்டாம்” என்று சொன்னார்கள். நானும் மறுப்புச் சொல்லாமல் நின்றுவிட்டேன். பழுப்புப் பட்டையை மடித்து இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தேன். பத்தொன்பது ஆண்டுகள் அதை எடுக்கவில்லை. பிறகு என் தந்தையார் காலமானார். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. விடியற்காலையில் என்னோடு கல்லூரி நாளில் பயின்ற நால்வர் வந்து நின்றார்கள். நாற்காலி போட்டார்கள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்கள், என் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது ஆண்டு நான் ஒரு கடிதம்கூட எழுதாத சிநேகிதர்கள்! புறப்படும்போது அவர்களுள் மூத்த அக்காள், “திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது, வா” என்றார். ஏன் நின்றாய் என்று அவர் கேட்கவில்லை.

நான் போனேன். எல்லாம் மறந்திருந்ததால் பழுப்புப் பட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு கடைசி ஆளாக நின்றேன். என் மகளைவிடச் சிறிய பெண் ஒருத்தி என் முழங்கையைப் பிடித்துச் சரியாக வைத்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. முதல் ஹெயானின் பாதியில் கால்கள் தாமாகவே திரும்பின. மனம் மறந்ததை உடல் மறக்கவில்லை.

இந்த உறவு எப்படி உண்டாகிறது? பேச்சினால் அன்று. பயிற்சியில் பேச இடமே இல்லை. எதிரில் நிற்பவரின் குத்து என் முகத்திற்கு ஓர் அங்குலம் முன்னே நிற்கிறது. நிற்கும் என்று நான் அவரை நம்புகிறேன்; நிறுத்தவேண்டும் என்று அவர் பொறுப்பேற்கிறார். நாளுக்கு நூறு முறை இப்படி நம்பி, நூறு முறை அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டால் இருவரும் அந்நியராக இருக்க முடியுமா? பயிற்சி வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியவேண்டும் என்றும், கராத்தேயில் முதல் அடி என்பதே கிடையாது என்றும் ஃபுனகோஷி கற்பித்தார். வணக்கம் வெறும் சடங்கு அன்று. “என் உடலை உன்னிடம் ஒப்படைக்கிறேன், பத்திரம்” என்று சொல்வதற்கு அது ஒரு வழி. ‘கராத்தே’ என்ற சொல்லில் ‘கரா’ என்பதை முன்பு ‘சீனம்’ என்ற பொருளுடைய எழுத்தால் எழுதி வந்தார்கள். 1936-ல் ஒக்கினாவா ஆசான்கள் கூடி, ‘வெறுமை’ என்ற பொருளுடைய எழுத்தை ஏற்றார்கள். வெறுங்கை என்றால் ஆயுதம் இல்லாத கை. அது இன்னொருவருக்கு நீட்டக்கூடிய கையும் அல்லவா?

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூட்டம் என்றால் குறையும் உண்டு. ஃபுனகோஷி மறைந்தபின் அவருடைய மாணவர்களே பல சங்கங்களாகப் பிரிந்தார்கள். பட்டையைக் காசுக்கு விற்பவர்களும் உண்டு. ஆசானைக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்கி வைப்பவர்களும் உண்டு. ஆகவே பெற்றோரே, கண்ணை மூடிக்கொண்டு எங்கும் அனுப்பாதீர்கள். நீங்களே சென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்கள் சிறியவர்களை எப்படி நடத்துகிறார்கள், அடிபட்ட பிள்ளையிடம் யார் முதலில் ஓடுகிறார்கள், பெண் பிள்ளைகள் அச்சமின்றிப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். இவை சரியாக இருந்தால் கூரை ஓலையாக இருந்தாலும் அது நல்ல கூடம்.

நல்ல உறவு அநீதியையும் கேட்கும் என்பதற்கு ஜூடோவிலிருந்து ஓர் உதாரணம். 1913-ல் பிறந்த கெய்கோ ஃபுகுடா, 1935-ல் கானோவின் கூடத்தில் சேர்ந்து, பின்னர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் பெண்களுக்குக் கற்பித்தவர். திருமணமா, ஜூடோவா என்ற நிலை வந்தபோது ஜூடோவைத் தேர்ந்தவர். பெண் என்பதால் ஐந்தாம் நிலைக்கு மேல் அவருக்கு உயர்வு கிடைக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே நிறுத்தப்பட்டார். அவரைச் சுற்றியிருந்த பெண்கள் குரல் எழுப்பினார்கள். 1972-ல் ஆறாம் நிலை கிடைத்தது. 2011-ல், தமது 98-ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பின் பத்தாம் நிலையை அடைந்தார். 2013-ல் மறைந்தார். தனியாக நின்றிருந்தால் ஐந்தாம் நிலையிலேயே அவர் வாழ்வு முடிந்திருக்கக்கூடும்.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாகக் கராத்தே இடம்பெற்றது. பெண்கள் காட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. அதற்கடுத்த 2024 பாரிஸ் போட்டியில் கராத்தேக்கு இடமில்லை. அதனால் எங்கள் கூடத்தில் ஒருவரும் பயிற்சியை நிறுத்தவில்லை. பதக்கத்திற்காக வந்தவர்கள் அல்லவே நாங்கள்!

மாணவியரே, எட்டாம் வகுப்பில் நீண்ட வரிசையாக நிற்கும் நீங்கள் பத்தாம் வகுப்பில் இருவர் மூவராகக் குறைந்துவிடுகிறீர்கள். படிப்பு முக்கியம், மறுக்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாமல் நின்றால், நின்றவர்களோடு தொடர்பையாவது விடாதீர்கள். என்னைப்போல் பத்தொன்பது ஆண்டு வீணாக்க வேண்டாம். பெற்றோரே, மகளுக்கு நகை சேர்க்கிறீர்கள், சீர் சேர்க்கிறீர்கள். அவள் இடிந்து உட்காரும் நாளில் கேட்காமல் வந்து நாற்காலி போடும் நால்வரையும் சேர்த்துக்கொள்ள விடுங்கள்.

“யாரை அடிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்பவர்களுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். அடிக்கப் போகவில்லை, அம்மா. என் மனிதர்களைப் பார்க்கப் போகிறேன். அந்த மூத்த அக்காளுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. நாற்காலியில் அமர்ந்துதான் எங்களைத் திருத்துகிறார். திங்கட்கிழமை நான் போகாவிட்டால் அவர் தேடுவார்.

– பழைய மாணவி ஒருத்தி