செயின் மீது வீண் பழி

மோட்டார் சைக்கிளில் எங்கே சத்தம் கேட்டாலும் முதலில் பழி சுமப்பது செயின்தான். சிக்னலில் கிளம்பும்போது ஒரு 'டக்'. ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்னொரு 'டக்'. மெக்கானிக் குனிந்து பார்க்கிறார், பின் சக்கர நட்டைத் தளர்த்தி செயினைக் கொஞ்சம் இழுத்து இறுக்குகிறார். ஒரு வாரம் நிம்மதி. பிறகு அதே 'டக்'. இப்படி மூன்று நான்கு முறை இறுக்கியும் தீராத சத்தம் என்றால், கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். எஞ்சின் பக்கத்தில், கவருக்குள் மறைந்திருக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு முறை பார்ப்பது நல்லது.

பழைய வண்டிகள் மீது பெங்களூருக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு பக்கம் மைசூர். ஜாவா, யெஸ்டி வண்டிகள் 1996-ல் ஆலை மூடப்படும்வரை அங்கேதான் தயாராயின. இன்னொரு பக்கம் ஓசூர். 1984-ல் இண்ட்-சுசுகி அங்கிருந்து வந்தது. அடுத்த ஆண்டே யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 இரண்டும் சந்தைக்கு வந்தன. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியும் இவற்றைக் கைவிடாதவர்கள் நகரத்தில் ஏராளம். ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி பிரியர்கள் வண்டிகளோடு கூடுவதைப் பார்த்தாலே இது புரியும். ஆனால் இந்த வண்டிகள் பிறந்தபோது இருந்த பெங்களூர் இன்று இல்லை. பத்தடி ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும் போக்குவரத்து. ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடும்போதும் முன் ஸ்ப்ராக்கெட் ஒரு தடவை முன்னே தள்ளப்பட்டு ஒரு தடவை பின்னே இழுபடுகிறது.

இந்தச் சின்னச் சக்கரம் கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீளும் ஷாஃப்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்டில் நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வெட்டியிருப்பார்கள். இதற்கு ஸ்ப்ளைன் என்று பெயர். ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளையிலும் அதே வெட்டு. ஒன்றோடு ஒன்று கவ்விக்கொண்டால்தான் எஞ்சினின் சக்தி செயினுக்குப் போகும். ஸ்ப்ராக்கெட் கழன்று வராமல் இருக்க இரண்டு விதமான ஏற்பாடுகள் உண்டு. ராஜ்தூத் 350 போன்றவற்றில் பெரிய நட்டும், அதன் ஓரத்தில் மடக்கிவிடும் தகட்டு வாஷரும். சி.டி. 100 போன்றவற்றில் ஒரு தட்டையும் இரண்டு சிறிய போல்ட்டுகளையும் வைத்துப் பிடித்திருப்பார்கள்.

நட் தளர்ந்தால் ஸ்ப்ராக்கெட் ஸ்ப்ளைன் மீது ஆடத் தொடங்கும். ஆட ஆட இரும்பு இரும்பைத் தின்னும். ஷாஃப்ட் மேடுகள் கூராகிக் கடைசியில் வழுவழுவென்று ஆகிவிடும். அதற்கு முன்பே ஸ்ப்ராக்கெட் நழுவிவிட்டால் செயின் சுருண்டு எஞ்சின் கேஸை உடைக்கலாம், பின் சக்கரத்தையும் பூட்டிவிடலாம். ஹெப்பால் மேம்பாலத்தில், பின்னால் பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செயினை மேலும் மேலும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல, இரண்டாவது நோய். பல மாடல்களில் செயினுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். அதையும் பறித்தால், கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கும் ஆயில் சீலும் அடி வாங்கும்.

பரிசோதனை கடினமல்ல. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் கேப்பையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓட, கியர் போட்டு, சுழலும் செயினில் துணி வைத்துத் துடைப்பவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றுங்கள். ஷாஃப்ட் ஓரம் செம்பழுப்பு நிறத்தில் பொடி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். இரும்பும் இரும்பும் உரசித் துருவாக உதிர்ந்த பொடி அது; நட் தளர்ந்ததற்கு நல்ல அடையாளம். பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஷாஃப்டின் நுனியிலிருந்து ஸ்ப்ராக்கெட் வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போடுங்கள். முதல் கியரில் வைத்துப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கோடு முறியாமல் இரண்டும் சேர்ந்தே திரும்பினால் அந்த ஆட்டம் கியர்பாக்ஸுக்குள் இருப்பது. கொஞ்சம் இருப்பது இயல்பு. கோடு முறிந்து, ஷாஃப்ட் நிற்க ஸ்ப்ராக்கெட் மட்டும் நகர்ந்தால் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டையே மேலும் கீழும் ஆட்ட முடிந்தால் பேரிங் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. தட்டும் போல்ட்டும் உள்ள வண்டிகளில் ஸ்ப்ராக்கெட் பக்கவாட்டில் சற்று அசையும். அது அப்படியே வடிவமைக்கப்பட்டது. அதைக் கோளாறு என்று நினைத்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஸ்ப்ளைன் நன்றாக இருந்து நட் மட்டும் தளர்ந்திருந்தால் வைத்தியம் சுலபம். புதிய மடக்கு வாஷர் போடுங்கள். ஏற்கெனவே மடக்கி நிமிர்த்திய வாஷரை மறுபடி மடக்கினால் அது முறியும். மரையைச் சுத்தம் செய்து, செயினை மாட்டி, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி வாஷரை மடக்குங்கள். சில மாடல்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். பலத்தைக் காட்டுவதற்கு முன் இதை விசாரித்துவிடுங்கள். தட்டைப் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும்.

ஸ்ப்ராக்கெட்டின் உட்பல் தேய்ந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருந்தால் மூன்றையும் செட்டாக மாற்றுவதே லாபம். ஆலை மூடப்பட்ட வண்டிகளுக்கு ஜே.சி. ரோடு கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு பட்டறைகள் செய்தவை. பார்க்க ஒன்று போலவே இருக்கும், பொருந்தும்போதுதான் வித்தியாசம் தெரியும். பழையதைக் கையோடு எடுத்துச் சென்று பல் எண்ணிக்கையையும் துளையையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புதியதை ஷாஃப்டில் மாட்டியும் ஆட்டம் நிற்கவில்லையா? ஷாஃப்டே தேய்ந்துவிட்டது. எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு ஆசை வார்த்தை காதில் விழும்: "எதுக்கு சார் எஞ்சினைப் பிரிக்கணும்? ரெண்டு புள்ளி வெல்டிங் வெச்சா போதும்." போதாது. வெல்டிங் சூட்டில் ஆயில் சீல் கருகும், ஷாஃப்டின் பதம் கெடும். அடுத்த முறை ஸ்ப்ராக்கெட் தேயும்போது வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது ஷாஃப்டும் சேர்ந்து போகும். ஒரு செலவைத் தள்ளிப்போட்டு இரண்டாக ஆக்கும் வித்தை அது.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு வேலை கூடுதல். அதில் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் இருக்கிறது. கிளட்ச் வேலைக்காகப் பிரிக்கும்போதே அந்த நட்டையும் பார்க்கச் சொல்லிவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். செயினை முழுதாக மூடிய யெஸ்டி, சி.டி. 100 போன்றவற்றில் தூசி உள்ளே போவதில்லை, ஆனால் கோளாறும் வெளியே தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் கவரைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு 500 கிலோமீட்டரில் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு மடக்கு வாஷரின் விலை சில பத்து ரூபாய். அது காப்பாற்றுவது ஒரு கியர்பாக்ஸையும், சில சமயம் ஓட்டுபவரையும். அடுத்த முறை 'டக்' கேட்டால், செயினை இறுக்கச் சொல்வதற்கு முன் கவரைக் கழற்றச் சொல்லுங்கள்.