மாட்டு வாலுக்கு நான் ஏன் குரலைத் தாழ்த்தினேன்?

அம்பத்தூர்க்காரனான நான் முதன்முதலில் கரீபியன் சாப்பாடு சாப்பிட்டது கனடாவில். அக்கா மகன் கல்யாணத்துக்காக டொராண்டோ போயிருந்தேன். அவன் இருப்பது ஸ்கார்பரோவில். ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் பகுதி அது. தமிழ் மளிகைக்கடை, நகைக்கடை, இடியாப்பக் கடை என்று வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு ஜமைக்கா சாப்பாட்டுக்கடையும் இருந்தது. நான்கைந்து மேசைகள், கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள், சுவரில் பாப் மார்லி படம். நம்மூர் மெஸ் மாதிரிதான்.

விலைப் பலகையில் முதல் வரியிலேயே 'ஆக்ஸ்டெயில்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. இருப்பதிலேயே அதற்குத்தான் விலையும் அதிகம். நான் அக்கா மகன் காதருகே குனிந்து, "மாட்டு வாலாடா?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா. அதுக்கு ஏன் இவ்ளோ மெதுவா கேக்கறீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் என்னைத் தெரியாத ஊரில், பனிக்காலத்தில், ஒரு கறுப்பினப் பெண்மணி நடத்தும் கடையில் நின்றுகொண்டு, மாடு என்ற சொல்லை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பது வயதில், இத்தனை கூட்டங்களில் பேசிய பிறகும், என் தொண்டைக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டு வந்தது. பழுப்பு நிறக் குழம்பில் எலும்போடு வெந்த வால் துண்டுகள், கூடவே வெண்ணிற மொச்சை. பக்கத்தில் தேங்காய்ப்பாலில் சிவப்புக் காராமணி போட்டு வடித்த சோறு. எலும்பை உறிஞ்சியதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அம்மா வைக்கும் வால் சூப்புக்கும் இதற்கும் மசாலாவில்தான் வித்தியாசம். வேகவைத்த பொறுமை ஒன்றுதான்.

அந்தத் தட்டின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸ் என்று நாம் பழகிய தீவுகள் அவை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களைக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்தார்கள் வெள்ளை முதலாளிகள். நல்ல கறி முதலாளிக்கு. வால், கால், குடல், தலை அடிமைக்கு. வட அமெரிக்காவிலிருந்து மட்டமான உப்புமீன் கப்பல் கப்பலாக வந்தது. அடிமைகளுக்கு மலிவாகத் தீனி போடத்தான். அந்த உப்புமீனை 'அக்கி' என்ற பழத்தோடு வதக்கிய உணவுதான் இன்றைக்கு ஜமைக்காவின் தேசிய உணவு. வால்கறி அவர்கள் கடைப் பலகையின் முதல் வரி. எஜமான் ஒதுக்கிப் போட்டதை அவர்கள் மறைக்கவில்லை. பெயர் சொல்லி, விலை சொல்லி, உலகத்துக்கே விற்கிறார்கள்.

அந்தப் பலகையில் ஆட்டுக்கறிக் குழம்பும் இருந்தது. 'கறி கோட்' என்று அதற்குப் பெயர். அது நம் பக்கத்திலிருந்து போனது. பிரிட்டிஷ் தீவுகளில் 1838-ல் அடிமை முறை முழுதாக ஒழிந்ததும், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க இந்தியாவுக்கு வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1917 வரை நடந்தது. கயானா, டிரினிடாட், ஜமைக்கா போன்ற பிரிட்டிஷ் காலனிகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய வடநாட்டவர்கள், சென்னையிலிருந்தும் போனார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு 1853, 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். அந்தத் தீவுகளில் இன்றைக்கும் 'கொலம்போ' என்றொரு மசாலாக் குழம்பு உண்டு. நம்முடைய 'குழம்பு' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு.

யார் அப்படிக் கப்பல் ஏறினார்கள்? அன்றைக்கு அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் செங்கற்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படித்தால், ஊரைவிட்டு ஓடுவதைத் தவிர நம் முன்னோருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்கத் தோன்றும். நிலமில்லை, கடனுக்கு அடிமை வேலை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது அந்த அறிக்கையால்தான்.

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று நான் கதை விடப்போவதில்லை. கப்பலில் ஒரே அடுப்பு, தோட்டத்தில் ஒரே லயன் என்றானதும், யார் தொட்டதை யார் தின்பது என்ற சட்டம் அங்கே தளர்ந்தது உண்மை. அதே நேரம், பூசாரித் தொழிலில் பார்ப்பனர் பிடி நீடித்தது. மாரியம்மனுக்குக் கிடா வெட்டிய 'மதராசி'களை மற்ற இந்தியர்களே இளக்காரமாகப் பார்த்தார்கள். இன்றைக்கும் டிரினிடாட் இந்துக்கள் பலர் மாட்டுக்கறி தொடுவதில்லை. ஆனாலும் பக்கத்து மேசையில் அதைத் தின்பவனைப் பார்த்து எழுந்து போகும் பழக்கம் அங்கே வேர் விடவில்லை. இங்கிருந்து விமானம் ஏறிய நம்மவர்களோ சாதியைப் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் டொராண்டோ பள்ளிக் கல்வி வாரியம், தன் பள்ளிகளில் சாதி ஒடுக்குமுறை இருப்பதை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டி வந்தது. நான் வால்கறி தின்ற அதே நகரத்தில்தான்.

இனி நம்மூருக்கு வருவோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு வந்து பாருங்கள். லேத் பட்டறையிலிருந்தும் பிரஸ் ஷாப்பிலிருந்தும் கையில் எண்ணெய்க் கறையோடு ஆட்கள் வெளியே வருவார்கள். ஒரு தள்ளுவண்டியில் சிவப்புத் துணி கட்டிய அண்டா, பக்கத்துச் சட்டியில் சில்லி பீப். வண்டியை நடத்தும் அக்கா பதினைந்து வருடமாக எனக்குப் பழக்கம். அவரிடம் சாப்பிடுவோரில் எங்கள் சேரிப் பிள்ளைகள் உண்டு; முஸ்லிம் உண்டு, கிறித்தவர் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் உண்டு. 'எங்க வீட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்க' என்றபடி நின்று தின்னும் ஆதிக்க சாதிப் பையன்களும் உண்டு. உழைக்கிறவனுக்கு மலிவு விலையில் புரதம் தரும் கடை அது.

அந்த வண்டியில் பெயர்ப்பலகை கிடையாது. ஏன் அக்கா என்று கேட்டேன். "எழுதி வச்சா எதுனா ஒரு பண்டிகைக்கு வந்து எடுக்கச் சொல்றாங்க தம்பி. எழுதலன்னா வாசனைய வச்சி வர்றவங்க வந்துடறாங்க" என்றார். மட்டன் கடைக்கும் சிக்கன் கடைக்கும் பளபளவென்று பலகை இருக்கிறது. நம் சோற்றுக்கு மட்டும் வாசனையே விலாசம்.

எனக்கும் இது புதிதல்ல. இருபது வருடத்துக்கு முன் பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தபோது, வீட்டுக்காரர் முன்பணம் பேசுவதற்கு முன்னால், "பெரிய கறி எல்லாம் செய்வீங்களா?" என்று கேட்டார். அது கறியைப் பற்றிய கேள்வி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேரடியாகச் சாதியைக் கேட்டால் அசிங்கம். சாப்பாட்டைக் கேட்டால் சுத்தம். வேலை பார்த்த ஒரு கம்பெனியில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் எதிரே இருப்பவர் நகர்ந்து உட்காருவார். நான் மெல்ல மெல்ல மதியத்துக்குத் தயிர்சோறு கொண்டுபோகப் பழகினேன். ஸ்கார்பரோவில் என் குரலை அமுக்கியது அந்தத் தயிர்சோறுதான்.

இது தனிமனிதக் கூச்சம் என்று ஒதுக்க முடியாது. தென்னாட்டு ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனிப் பந்தி இருந்தது. சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் போராடி, 1941-ல்தான் அது ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கான தோழர்கள் சிறை போன பிறகுதான் பலகை இறங்கியது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உணவகத்துக்குள் நுழைய யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. பலகைகள் இறங்கின, உண்மை. அவற்றுக்குப் பதில் வேறு பலகைகள் ஏறின. 2014-ல் சென்னையின் பெரிய ஆங்கில நாளிதழ் ஒன்று தன் உணவுக்கூடத்துக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். கணக்கெடுப்பில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடும் மாநிலம் இது!

திராவிட ஆட்சியிலும் நம் தட்டுக்கு இடமில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூரிலேயே பீப் பிரியாணி கிடையாது என்றார்கள். ஒடுக்கப்பட்ட மக்களும் முஸ்லிம்களும் கேள்வி கேட்டார்கள். மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திப்போனது. இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பீப் பிரியாணியை விலக்கி ஒரு விழா நடத்தலாம் என்று அதிகாரிகளுக்கு இயல்பாகத் தோன்றியதே, அதுதான் நம் பிரச்சினை.

நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள்: "தலித் என்றாலே மாட்டுக்கறிதானா? நம்மிலும் தின்னாதவர்கள் இருக்கிறார்களே. அம்பேத்கரே செத்த மாட்டைத் தின்னாதே என்றாரே?" நியாயமான கேள்வி. 1927-ல் மகாடில் பாபாசாகேப் கைவிடச் சொன்னது, சாதி சுமத்திய கடமையாகச் செத்த மாட்டை இழுத்து அதைத் தின்று வாழும் நிலையை. அதே அம்பேத்கர்தான் 1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில், மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை வரலாற்றில் தேடிப் போனார். எவன் காசிலோ எறிந்ததைத் தின்பது வேறு. என் உழைப்பில் வாங்கி என் விருப்பத்துக்குத் தின்பது வேறு. தின்னாதவன் தின்ன வேண்டாம். தின்கிறவன் ஒளிய வேண்டாம். இவ்வளவுதான் கோரிக்கை.

கறியை விட்டுவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று விரட்டினார்கள். அதிகாரிகளும் முதலில் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அவர் திரும்பி வந்தார். அங்கே அடுப்பில் இருந்தது சோறும் சாம்பாரும். மாடு எங்கே வந்தது? சமைத்த கைதான் அவர்களுக்குத் தடை.

அண்ணா நினைவு நாளிலும் சுதந்திர தினத்திலும் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்கள் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பந்திக்கு நாம் பல பத்தாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அவர்கள் இலை, அவர்கள் சமையல், அவர்கள் இடம்; நாம் விருந்தாளி. நம் தெருவுக்கு வந்து, நம் அம்மா சமைத்ததை, நம் தட்டில் அவர்கள் சாப்பிடும் பந்தி எப்போது? சமபந்தி என்றால் இரண்டு பக்கமும் நடந்தாக வேண்டும். ஜமைக்கா கடையில் நான் கண்டது அதைத்தான். வெள்ளைக்காரனும் வரிசையில் நின்று, அடிமையின் பாட்டி கண்டுபிடித்த சமையலைக் காசு கொடுத்து வாங்கித் தின்றான்.

அரசு நடத்தும் எந்த உணவுத் திருவிழாவிலும், மகளிர் குழு நடத்தும் எந்தக் கடையிலும் மாட்டுக்கறிக்கு மற்றவற்றுக்குச் சமமான இடம் வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கான அடையாள அட்டையும் பாதுகாப்பும் பீப் வண்டிக்காரர்களுக்கும் சேர வேண்டும். உணவைக் கேட்டு வீடு மறுப்பதைச் சாதிப் பாகுபாடாகவே சட்டம் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய வாரம் அந்த அக்காவின் வண்டிக்குப் போனேன். ஸ்கார்பரோ பலகையைப் படமெடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். "வாலுக்கா இவ்ளோ வெல?" என்று வாயைப் பிளந்தார். போன மாதம் நாங்கள் நான்கு தோழர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பலகை செய்து கொடுத்தோம். நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து: 'மாட்டுக்கறி பிரியாணி, வால் சூப்'. ஏதாவது பண்டிகைக்கு எடுக்கச் சொல்லி வந்தால் எங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம்.

எஸ்டேட் பக்கம் வந்தால் நீங்களும் சாப்பிட வாருங்கள், தோழர்களே. கேட்கும்போது உரக்கக் கேளுங்கள்.