வண்டிகளை எண்ணுகிறார்கள், எங்களை எண்ணுவது யார்?

சித்திரை பிறப்பதற்கு முன்பே எரியோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு நகர்வு தொடங்கிவிடும். தேர்வு முடிந்த கல்லூரிப் பையன்களும் நூற்பாலை வேலையை விட்டு நின்றவர்களும் தோளில் ஒரு பையோடு திண்டுக்கல் போய், வண்டி மாறி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுவார்கள். எல்லாம் சீசன் வேலைக்குத்தான். அறை துடைக்க, விரிப்பு மாற்ற, பாத்திரம் கழுவ, குப்பை அள்ள.

போன சீசனில் அப்படிப் போன ஒரு மாணவன் இரண்டே வாரத்தில் திரும்பிவந்தான். அறை உதவியாளர் வேலை என்று சொல்லித்தான் ஒரு விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். முதல் நாளே மேற்பார்வையாளர் கேட்டாராம்: "எந்த ஊருப்பா?" "எரியோடு பக்கம்ணே." "அது சரி, ஊருக்குள்ளயா, காலனியா?" பையன் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் அறை வேலையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றப்பட்டான். அடுத்த வாரம் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டபோது, "இறங்கிப் பாருடா, உங்களுக்குத் தெரியாத வேலையா?" என்றார்கள். இறங்க மறுத்தான். அன்றிரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கூலி இன்றுவரை வரவில்லை. "சர்டிபிகேட்டைக் கேக்கலண்ணே, தெருவைத்தான் கேட்டாங்க" என்று அவன் எங்களிடம் சொன்னான்.

சுற்றுலாத் தொழிலில் மனித உரிமை என்று பேசினால், பயணியின் பாதுகாப்பு, மலையின் பாதுகாப்பு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் வரவேற்பு மேசையில் யார் நிற்கிறார், தொட்டிக்குள் யார் இறங்குகிறார் என்பதைச் சாதி முடிவு செய்யும் இடத்தில், மனித உரிமைப் பேச்சு விடுதியின் பின்வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறோம் நாங்கள்.

அந்த மாணவன் மறுத்ததால் உயிரோடு இருக்கிறான். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே கட்டவாக்கத்தில், ஒரு தனியார் சொகுசு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய 3 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2019 ஜூனில் குஜராத்தின் தபோய் அருகே ஒரு ஹோட்டலின் தொட்டியில் 7 பேர் இறந்தார்கள். மூடிக்கிடக்கும் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் நிறைந்திருக்கும், உயிர்க்காற்று இருக்காது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். ஒரே தொட்டியில் மூன்றும் ஏழுமாகச் சாவது இப்படித்தான். இதை 'விபத்து' என்று எழுதும் செய்தித்தாள்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. சட்டம் தடைசெய்த வேலைக்கு ஆளை அனுப்பி நடந்த சாவு எப்படி விபத்தாகும்?

ஏனென்றால் சட்டம் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 'காண்டிராக்டர் அனுப்பிய ஆள், எங்களுக்குத் தெரியாது' என்று முதலாளி கைகழுவ முடியாது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரிழந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்று வகுத்தது, 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறுகிறது. இறங்குகிற ஆட்கள் மாறவில்லை. ஒன்றிய அரசு 2024-இல் கணக்கெடுத்த சுமார் 38,000 கழிவுநீர்த் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இது தற்செயலா?

சுற்றுலாவும் சாதியும் சந்தித்த கதை பழையது. 1934-இல் எல்லோரா குகைகளைப் பார்க்கப் புறப்பட்ட பாபாசாகேப் அம்பேத்கரும் தோழர்களும் வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போனார்கள். வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவியதற்காக, தண்ணீரைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. வட்டமேசை மாநாட்டில் பேசித் திரும்பிய தலைவருக்கு நேர்ந்தது இது. ஒரு சுற்றுலாப் பயணியாகக்கூட அவரால் ஒரு கோட்டையை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அவர் தலைமையில் வரைவு எழுதப்பட்ட அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் கேளிக்கை இடம் என்று பெயர் சொல்லியே நமக்குக் கதவைத் திறந்துவிட்டது. முன்வாசலால் நுழையும் உரிமை 1950-இல் வந்துவிட்டது. பின்வாசலில் மட்டும் இன்னும் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்கிறார்கள்.

கொடைக்கானல் மலைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, அடிவாரத்திலிருந்து வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறினார்கள் கூலிகள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இன்றைக்கு மலையேறும் ஒவ்வொரு வண்டிக்கும் கணக்கு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்தக் கோடைக்கு, வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று கொடைக்கானலுக்கு வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று கேட்பதை நாம் வரவேற்கிறோம். அதே அக்கறையோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்கச் சொல்கிறோம். சீசனுக்கு ஏறும் தொழிலாளர்கள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? யாருக்கு வருகைப்பதிவு இருக்கிறது, யாருக்குக் கூலி பாக்கி? விடுதியின் கழிவுத் தொட்டி கடைசியாக எப்போது, எந்த இயந்திரத்தால் காலி செய்யப்பட்டது? உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் இந்தக் கணக்கைக் கேட்பதற்கு ஒரு படிவம் போதும். குழாய் எட்டாத சரிவில் விடுதி கட்ட அனுமதித்துவிட்டு, அந்த இடைவெளியை மனித உடம்பால் நிரப்புவது எந்த ஊர் வளர்ச்சி?

"இப்படிப் பேசினால் நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்கிற வேலையும் போயிடும்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நாங்கள் மதிக்கிறோம். மழை பொய்த்த வானம் பார்த்த பூமியில் நூற்பாலையும் சீசனும்தான் பல வீடுகளின் அடுப்பு. ஆனால் நாம் கேட்பது சேர்த்துக்கொண்ட வேலையையே தரச் சொல்லி. சமையல் கட்டிலும் வரவேற்பிலும் நம் பிள்ளைகள் நிற்கட்டும் என்று சொல்லி. அதனால் எந்த விடுதியும் மூடப்போவதில்லை.

இந்தச் சீசனுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு: அழைத்துப்போகும் ஆளின் பெயர், எண், பேசிய கூலி, சேர்ந்த தேதி எல்லாவற்றையும் செல்பேசியில் பதிந்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். தொட்டியில் இறங்கச் சொன்னால் மறுங்கள், சட்டம் உங்கள் பக்கம். உள்ளே ஒருவர் விழுந்திருந்தாலும் நீங்கள் இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால், விடுதியில் குழு இல்லையென்றாலும் மாவட்ட உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். கூலி பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகம் உண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டமும் உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் எங்களோடு வாருங்கள்.

கல்லூரிச் சுற்றுலாவுக்கு மலையேறும் மாணவர்களுக்கும் ஒன்று. ஏரியைப் பாருங்கள், படம் எடுங்கள். அறையைக் காலி செய்யுமுன், அதைத் துடைத்தவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.