புவியியலுக்கு ஓர் ஆசிரியை



"கணக்குக்கு டியூஷன் வைத்தோம், ஆங்கிலத்துக்கு வைத்தோம், சரி. புவியியலுக்குமா வாத்தியார்? படித்து ஒப்பித்தால் போதாதா?"

துபாயிலிருந்து எங்கள் மச்சான் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று எண்ணி விடாதீர்கள். நம் இல்லங்களில் பெரும்பாலோர் கேட்பதும் இதைத்தான். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அதனால் விளைந்ததை இம்மாதம் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா மகள் பதினோராம் வகுப்பில் வரலாறு, புவியியல், பொருளியல் அடங்கிய பிரிவை எடுத்தாள். கணக்கு வராததால் எடுத்தாள் என்று ஊர் சொன்னது. அவளோ பத்தாம் வகுப்பில் இந்திய வரைபடத்தில் ஆறுகளைக் குறிப்பதில் ஆசை வைத்து எடுத்ததாகச் சொன்னாள். பள்ளியில் புவியியலுக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. வேறு பாட ஆசிரியர் ஒருவர் வந்து புத்தகத்தைப் படித்துக் காட்டி விட்டுப் போவார். பாவம், அவரைக் குறை சொல்வதற்கில்லை. தம் பாடத்தோடு இதையும் சேர்த்துச் சுமந்தவர் அவர்.

"நல்ல டியூஷனாகப் பார்த்துச் சேர்த்து விடு" என்று அக்கா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். கடைவீதியில் 'எல்லாப் பாடங்களும்' என்று பலகை மாட்டிய ஓரிடத்துக்கு நான்தான் அவளை அழைத்துச் சென்றேன். கட்டணம் என்ன, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். புவியியலை யார் நடத்துகிறார், அவர் என்ன படித்தவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதக் கட்டணத்தையும் முன்னதாகவே கட்டி விட்டு வந்தேன்.

அங்கே நடந்தது பாடமன்று. கைடைத் திறந்து இரண்டு மதிப்பெண் வினா, ஐந்து மதிப்பெண் வினா என்று கோடிட்டுக் கொடுத்து, மறுநாள் ஒப்பிக்கச் சொன்னார்கள். பிள்ளை இரவு பதினொரு மணி வரை உரக்கப் படிப்பாள். சம உயரக் கோடு என்றால் என்ன என்று கேட்டால் இலக்கணம் பிறழாமல் சொல்வாள். 'கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அமைந்த இடங்களை இணைக்கும் கோடு'. ஆனால் அந்தக் கோடுகள் நிறைந்த படத்தைக் கையில் கொடுத்து, மலை எது, பள்ளம் எது என்றால் விழிப்பாள். படம் சம்பந்தப்பட்ட வினாக்களை, "சாய்ஸில் விட்டு விடலாம்" என்று சொல்லிக் கொடுத்தாராம் அங்கிருந்தவர்.

காலாண்டுத் தேர்வில் மற்றவற்றில் எல்லாம் தேறி, புவியியலில் மட்டும் தவறினாள். அவ்வளவு ஆசையாக எடுத்த பாடத்தில்! "படித்தது போதும், வீட்டோடு இருக்கட்டும்" என்று மச்சான் கூறி விட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளையும் பேசவில்லை. அவள் பேசாதிருந்ததுதான் என்னை உறுத்தியது. அவள் தவறியதற்குக் காரணம் அவளல்லள், விசாரிக்காமல் கொண்டு போய்ச் சேர்த்த நான் அல்லவா? அரையாண்டு வரை பொறுங்கள் என்று மச்சானிடம் கெஞ்சித் தவணை வாங்கினேன்.

பிறகுதான் தேடத் தொடங்கினேன். அப்போது தெரிந்தது, கணக்குக்கும் இயற்பியலுக்கும் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். புவியியலுக்கு ஊருக்கு ஒருவர் கிடைப்பதே அரிது என்று. மேல்நிலையில் இப்பாடம் உள்ள பள்ளிகளே குறைவு. பத்தாம் வகுப்பு வரை அது சமூக அறிவியலுக்குள் வரலாறு, குடிமையியல், பொருளியலோடு சேர்ந்து வருகிறது. அதை நடத்துவோரில் வரலாறு பயின்றவர்களும் உண்டு, புவியியல் பயின்றவர்களும் உண்டு. எனவே, 'நீங்கள் பட்டத்துக்கு என்ன பாடம் எடுத்தீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. வைத்தியரிடம் கண் வைத்தியரா, பல் வைத்தியரா என்று கேட்டு விட்டுத்தானே உட்காருகிறோம்?

சென்னைவாசிகளுக்கு வழி எளிது. மாநிலக் கல்லூரியிலும், இராணி மேரிக் கல்லூரியிலும், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் துறைகள் உள்ளன. திருச்சிப் பக்கத்தார்க்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே முதுகலை படிக்கும் மாணவியர் மாலையில் ஓரிரு மணி நேரம் கற்றுத்தரக் கூடும். துறையில் போய் விசாரிப்பதில் தவறில்லை. சிற்றூர்களில் இருப்போர்க்கு ஓய்வு பெற்ற ஆசிரியர்களே கதி.

இடையில் ஒன்று சொல்லி விடுகிறேன். பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியரை வீட்டுக்கு வந்து சொல்லித்தருமாறு வற்புறுத்தாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. நம் பிள்ளைக்காக இன்னொருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக நடக்கச் சொல்வது நமக்கு அழகன்று. வகுப்பில் விளங்காததை இடைவேளையில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

எனக்கு வழி காட்டியவர் எழுதுபொருள் கடைக்காரர். வெற்று வரைபடத் தாள் வாங்கப் போன இடத்தில் என் கவலையைச் சொன்னேன். "முன்பெல்லாம் ஒரு டீச்சர் இந்த மேப்பைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்களே! ரிட்டையராகி வாய்க்கால் தெருவில்தானே இருக்கிறார்கள்!" என்றார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அத்தனை நாளும் அந்தத் தெரு வழியாகத்தான் கைடு மனப்பாடத்துக்குப் பிள்ளையை அனுப்பி வந்திருக்கிறோம்.

டீச்சரம்மா எங்களிடம் அதிகம் பேசவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தார். மதிப்பெண் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஜூன் மாதம் என்ன நடக்கும்?" என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் நாங்கள். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் கேரளம். "மழை பெய்யும்" என்றாள் பிள்ளை. "இந்தப் பக்கம்?" "காற்று மட்டும் அடிக்கும்." "ஏன்?" அதற்குப் பதில் இல்லை. மழை மறைவுப் பிரதேசம் என்ற சொல்லை நூறு முறை படித்தவள்தான். அதற்குள்தான் தான் பிறந்து வளர்ந்தாள் என்பது தெரியாதிருந்தாள்.

டீச்சரம்மா பென்சிலை எடுத்து ஒரு தாளில் மலையை வரைந்தார். அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையாகக் கொட்டி விடுகிறது. இறங்கி நம் பக்கம் வரும்போது வறண்ட காற்றாகிறது. நமக்கோ அக்டோபரில் காற்று திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரத்தைக் கொண்டு வர வேண்டும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அப்போதுதான் கிடைக்கிறது. "அப்படியானால் வறண்ட நம் பள்ளத்தாக்கில் நெல் எப்படி இருபோகம் விளைகிறது?" என்று அடுத்த கேள்வி. மேற்கே ஓடிக் கடலில் சேரும் பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி விட்ட கதையைச் சொன்னார். 1895இல் முடிந்த அணை, கட்டியவர் பென்னிகுயிக். அவர் பெயரைச் சிறு பிள்ளையும் சொல்லும் எங்கள் ஊரில், அந்தத் தண்ணீர் ஏன் தானாக இந்தப் பக்கம் வராது என்பதை நான் அன்றுதான் விளங்கிக் கொண்டேன்.

சகோதரிகளே, ஆளைத் தேர்ந்தெடுக்க நான் கண்ட அடையாளம் இதுதான். முதல் சந்திப்பிலேயே நம் ஊரைப் பற்றி ஒரு 'ஏன்' கேட்டுப் பாருங்கள். பென்சிலைத் தேடுகிறாரா, கைடைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். வீட்டில் அட்லஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகப் பளபளப்பதைவிட ஓரம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

சம உயரக் கோட்டை அவர் கற்பித்த விதம் சமையலறைக்கு உரியது. பெரிய உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, பாதியைக் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்தார். விரலளவு தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடச் சொன்னார். இன்னும் விரலளவு ஊற்றி மீண்டும் ஒரு கோடு. பிறகு தண்ணீரைக் கொட்டி விட்டு மேலிருந்து பார்க்கச் சொன்னார். சரிவு செங்குத்தாக உள்ள பக்கம் கோடுகள் நெருங்கியும், தாழ்வாகச் சரியும் பக்கம் விலகியும் இருந்தன. மூன்று மாதம் ஒப்பித்தும் வராதது அரை மணியில் வந்தது. அடுத்த நாள் இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடம் ஒன்றை விரித்தார். அதில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். நெருங்கிக் கிடந்த பழுப்புக் கோடுகளைக் காட்டி, "இந்த இடத்தில் ஏறினால் மூச்சு வாங்கும்" என்று பிள்ளை சொன்னதும் டீச்சரம்மா சிரித்து விட்டார்.

ஏற்பாடுகளைப் பற்றியும் கேட்பீர்கள். முதல் இரண்டு வாரம் கட்டணம் வேண்டாம், பிள்ளைக்குப் பிடித்தால் பிறகு பேசலாம் என்றார் அவர். எல்லாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நீங்களே இரண்டு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்துப் பார்க்கக் கேளுங்கள். என்னைப் போல் மூன்று மாதத்துக்குக் கட்டி விட்டு வாயடைத்து நிற்காதீர்கள். தனியே அனுப்பத் தயங்கிய அக்காவுக்காக அதே வகுப்பிலுள்ள மேலும் இரு பெண்களைச் சேர்த்துக் கொண்டோம். கட்டணமும் மூன்றாகப் பிரிந்தது. பிள்ளைகளுக்குத் துணையும் ஆயிற்று. வாரம் மூன்று நாள், ஐந்து மணி முதல் ஆறு வரை, மஃரிபுக்கு முன் வீடு திரும்பும்படி. பெண்பிள்ளையை வெளியே அனுப்பத் தயங்குவோர் இப்போது கைப்பேசி வழியாகப் பாடம் கேட்க வைக்கிறார்கள். 2020 ஊரடங்கில் பழகிய பழக்கம். கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் பென்சில் எங்கே போகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும்படி கைப்பேசியை வைக்க முடியாவிட்டால் வரைபடப் பாடத்துக்கு அது உதவாது.

மச்சானின் மனம் மாறியது மதிப்பெண்ணால் அன்று. ஒருநாள் அவர் தொலைபேசியில் பேசும்போது, "அத்தா, அங்கே இப்போது மணி ஆறரைதானே?" என்றாள் மகள். இங்கே எட்டு. ஆண்டுக் கணக்காக ஒன்றரை மணியைக் கழித்துப் பழகியவர் அவர். "ஏன் ஒன்றரை? ஒன்று என்றோ இரண்டு என்றோ ஏன் இல்லை?" என்று மகள் கேட்டபோது விழித்தார். அவளே சொன்னாள்: பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது, நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக் கோட்டுக்கு உரியது, துபாயின் கடிகாரம் 60 பாகைக்கு உரியது, இடையிலுள்ள 22½ பாகைக்குத்தான் ஒன்றரை மணி. அதோடு விடவில்லை. நம் பள்ளத்தாக்கு 77 பாகையை ஒட்டி இருப்பதால் சூரியன் நமக்கு உச்சிக்கு வர, சராசரியாக இருபது நிமிடம் தாமதமாகிறது, அதனால்தான் பள்ளிவாசல் அட்டவணையில் லுஹருடைய நேரம் பெரும்பாலும் பன்னிரண்டைத் தாண்டியே தொடங்குகிறது என்றாள். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டீச்சருக்கு மாதம் எவ்வளவு?" என்றார்.

அரையாண்டில் தேறினாள். முதலிடம் ஒன்றும் இல்லை. ஆனால் படத்தைப் பற்றிய வினாவை இம்முறை சாய்ஸில் விடவில்லை.

சென்ற மாதம் மச்சான் விடுப்பில் வந்திருந்தார். டீச்சரம்மாவிடம் இரவல் வாங்கிய எங்கள் பகுதி வரைபடத்தை மகள் கூடத்தில் விரித்தாள். அவர் தரையில் அமர்ந்து, தாம் சிறு வயதில் நீச்சல் பழகிய கண்மாயை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். "இங்கே இப்போது வீடுகள் அல்லவா இருக்கின்றன? படத்தில் தண்ணீர் போட்டிருக்கிறார்களே!" என்றார். மகள் தாளின் ஓரத்தைக் காட்டி, எந்த ஆண்டில் அளந்தார்கள் என்று பார்க்கச் சொன்னாள்.